பேமானி என்றொரு செல்லப்பெயர்

3 பிப்ரவரி 2025, திங்கள்
கிடைத்துவிட்டது! லோட்டே அம்மாவின் நினைவுப் புத்தகத்தை நான்தான் தமிழில் கொண்டுவரப் போகிறேன். இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல். பழவேற்காட்டுக்காரிதான் வேண்டுமாம்! லோட்டே அம்மா யூதர், வயது தொண்ணூறு. ஐந்து வயதில் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து மதராஸ் வந்தவர். ஏழு வயதில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானபோது, அம்மாவோடு நம் ஊருக்கு.

வீட்டுக்காரர் ரிஸ்வானைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். “இன்னா ஆச்சு உனக்கு? கையில நண்டு இருக்குது, கடிச்சிரப் போவுது!” என்றார்.

7 பிப்ரவரி
வியன்னா அத்தியாயம். கூட விளையாடிய பிள்ளைகளே வாயில் வராத பெயரெல்லாம் சொல்லித் துரத்தியிருக்கிறார்கள். பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

12 பிப்ரவரி
அய்யோ. அய்யய்யோ. சிரித்து வயிறு வலிக்கிறது, அழுகையும் வருகிறது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கஸ்தூரி என்றொரு மீன்காரம்மா. அவர் காயப்போட்ட நெத்திலிமேல் லோட்டே ஓடியிருக்கிறாள். கஸ்தூரி ஏதோ கத்திவிட்டு, இழுத்து உட்காரவைத்து, குழம்புச் சோறு ஊட்டியிருக்கிறார். பிறகு ஊரில் இருந்த மூன்று மாதமும் அதே பெயர்தான். ‘பேமானி என்றாள். என் கண்ணே என்று பொருள். எனக்குக் கிடைத்த முதல் செல்லப்பெயர்’ என்று எழுதியிருக்கிறார். புத்தகத்தின் தலைப்பே அதுதான்!

பேமானியாம்! ஈமான் கெட்டவள், மோசக்காரி! எந்த மகராசன் பொருள் சொன்னானோ. தமிழில் அச்சானால் ஊரே சிரிக்கும். சொல்லிவிட்டால்? அவருக்குக் கிடைத்த ஒரு நல்ல வார்த்தையையும் நானே பிடுங்குவதா? இன்னாதான் பண்ணுவேன் நானு?

15 பிப்ரவரி, சனி
குப்பத்து ஜெயம்மாவிடம் கேட்டேன் — பேமானி திட்டா, கொஞ்சலா?

“யார் வாயில வருதுன்னு பாரும்மா. எம் பொண்ண தெனிக்கும் நான் அப்டிதான் கூப்புடுறேன். பக்கத்து ஊட்டுக்காரி கூப்ட்டா வுட்ருவனா?”

நியாயம்தான். இதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

16 பிப்ரவரி
லோட்டே அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உண்மையை, அப்படியே.

19 பிப்ரவரி
பதிலில்லை. பேமானி நான்தான்.

21 பிப்ரவரி
பதில்! பதில்!

‘எனக்குத் தெரியும், பெண்ணே. 1961இல் லண்டனில் ஒரு மதராஸ் மாணவரை அன்பாகப் பேமானி என்றேன். அவருக்கு டீ புரையேறிவிட்டது. அன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது. ஆனால் வியன்னாவில் என்னைத் திட்டியவர்கள் யாரும் திட்டி முடித்துச் சோறு ஊட்டவில்லை. என் பொருளையே வையுங்கள்.’

அறுபது வருஷமாகத் தெரியுமாம்! நான் ஐந்து நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். எழுந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

9 ஏப்ரல், புதன்
கடைசி அத்தியாயம் பத்து நாள் தாமதம். பெருநாள், விருந்தாளிகள், என் சோம்பேறித்தனம்.

காலையில் லோட்டே அம்மா போனில் வந்தார். நலம் விசாரிப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. ‘என் அத்தியாயம் எங்கே?’ என்று இங்கிலீஷில் அதட்டி, கடைசியில் தெளிவான தமிழில், “பேமானி!” என்றார்.

இதுவரை மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன். ரிஸ்வான் வந்ததும் முதல் வேலையாக அவரிடமும் சொல்ல வேண்டும், என்னைத் திட்டிவிட்டார் என்று.