எக்ஸ்பயர் என்ற ஒரு வார்த்தை

என் ஆசைத் தம்பி சேகருக்கு,

அங்கேயும் அகராதியும் கையுமாகத்தான் இருக்கிறாயா? சாப்பிட உட்கார்ந்தால்கூட, "அக்கா, நம்ம சுருட்டுதான் வெள்ளைக்காரன் வாய்ல பூந்து செரூட் ஆயிட்ச்சு, தெரியுமா?" என்று ஆரம்பிப்பாய். குழம்பு ஆறிப்போகும்.

உன்னால் எனக்குப் பிடித்துப்போன இங்கிலீஷ் வார்த்தைகள் எத்தனையோ. பிடிக்காமல் போனது ஒன்றுதான். போன வருஷம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், நீ கண்ணை மூடியதும், "பேஷண்ட் எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்று நர்ஸம்மா யாரிடமோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் பயந்து எழுந்து போய்விடுவேன்.

போன வியாழக்கிழமை அது மகாபலிபுரத்தில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. உன் மாமா டாக்சியில் வெள்ளைக்காரர்களை மெட்ராஸில் விடப் போயிருந்தார். பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டு தேசப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணி, கேளம்பாக்கத்துல அண்ணாத்த காரு ஓரமா நிக்குது. போலீஸு, கூட்டம். எக்ஸ்பயர்னு பேசிக்கினு இருந்தாங்க. பஸ்ஸு நிக்கல, நான் எறங்கிப் பாக்க முடியல."

எனக்கு அழுகைகூட வரவில்லை. கட்டிய புடவையோடு தேசப்பனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அப்போது வந்து நின்ற பஸ்ஸிலிருந்து உன் மாமா இறங்கினார்.

"இன்னாம்மே, எங்க கெளம்பிட்ட?"

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"லைசென்ஸு எக்ஸ்பயர் ஆயிட்ச்சாம். எமர்ஜென்சி வந்தாலும் வந்துச்சு, வழியெல்லாம் செக்கிங்கு. வண்டிய அங்கயே போட்டுட்டு வரேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒன்றும் புரியாமல் அவர், "வண்டிதானே, வந்துடும்மே" என்று என்னைத் தேற்றினார். தேசப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், பாவம்.

மறுநாள் உன் அகராதியை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். லத்தீனில் அதற்கு மூச்சை வெளியே விடுவது என்றுதான் அர்த்தமாம். இவ்வளவுதானா சேகர்? இதற்கா இத்தனை நாள் பயந்தேன்? நீயும் அப்படித்தானே போனாய்? முனகல்கூட இல்லாமல், ஒரு மூச்சை விட்டாய், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

உன் அஸ்தியைக் கரைத்த நாளிலிருந்து கடற்கரைப் பக்கம் நான் போனதே இல்லை. வருகிற அமாவாசைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு நிச்சயம் வருகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வள்ளியக்கா