தூண் நிமிர்ந்த கதை

என் அன்புக் கொத்தனாருக்கு,

முதுகு வலி தேவலையா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்தான்.

நேற்று, இந்த ஊரில் நான் வேலை பார்க்கும் படச் சட்டக் கடையில், என்னால் ஒரு களேபரம். சட்டம் போடுகிறவர் வரவில்லை. கண்ணாடி துடைக்கும் என்னிடம் ஒரு பழைய தபால் அட்டையைக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் இறந்தவர்களுக்கான நினைவுத் தூண், சாய்வாக அச்சாகியிருந்தது. கொத்தனார் பெண்டாட்டிக்குக் கண் பொறுக்குமா? நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, தூண் நேராக நிற்கும்படி அட்டையைத் திருப்பிச் சட்டம் போட்டுவிட்டேன். அட்டையின் ஓரம் கோணிக்கொண்டது.

"உன்னை யாரு இஞ்சினியர் வேலை பாக்கச் சொன்னது?" என்று முதலாளி குதித்தார். அதற்குள் அட்டைக்குச் சொந்தக்காரர் வந்து, உற்றுப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டுல இத்தனை வருஷமா சாஞ்சே கிடந்துச்சும்மா. இன்னிக்குத்தான் நிமிர்ந்திருக்கு!"

முதலாளியும் தணிந்தார்; இன்றிலிருந்து சட்டம் போட எனக்கும் ஒரு மேஜை உண்டு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் சுவர் நேராக நிற்கிறதா என்று நீங்கள் தொங்கவிட்டுப் பார்க்கும் பழைய தூக்குக்குண்டைக் கொடுத்தனுப்புங்கள். நான் தொங்கவிட்டது நம் வீட்டுச் சாவி. இங்கே எந்தப் பூட்டுக்கும் சேராது; ஆனாலும் பையிலேயே வைத்திருக்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன். வாசல் பூட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி