பேட்டரி சைக்கிளும் இடுப்பு வலியும்

செப்டம்பர் 3, ஞாயிறு

காலையில் சைக்கிள் கிளப் ஆட்கள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே போனார்கள். ஒயின் நிறச் சட்டை, ஆளுக்கு ஒரு பந்தய சைக்கிள், காது கிழியச் சிரிப்பு. இந்த மனுஷன் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும், "கண்ணாடி எவ்வளவு அழுக்கா இருக்கு பாரு" என்றார். என்ன திமிர். நேற்றுதான் துடைத்தேன்.

மே மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து இதே கூத்துதான். ஊரில் எல்லோரிடமும் இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருக்கிறார். கிளப் தலைவன் வால்டெரிடமும் அதே பொய். நெஞ்சு என்று சொன்னால் மானம் போய்விடுமாம். இடுப்பு வலி உழைத்தவனுக்கு வரும், நெஞ்சு வலி கிழவனுக்கு வரும் — இது என் புருஷன் எவாசியோ அவர்களின் கண்டுபிடிப்பு. வயது அறுபத்தாறு. கிழவன் இல்லையாம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

சாஸில் உப்பு தூக்கல் என்றார். இத்தனை வருஷமாக அதே கைதான் போடுகிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

சந்தையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டேன். கத்தரிக்காய்க்காரி வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று. கராஜில் பந்தய சைக்கிள் சுவரோரம் நிற்கிறது, டயரெல்லாம் வெள்ளைப் புழுதி. வெள்ளைப் புழுதி மேட்டுப் பாதையில் மட்டும்தான் உண்டு. சும்மா துடைக்க வெளியே எடுத்தேன் என்றார். துடைத்தால் புழுதி ஒட்டுமா? நான் என்ன சின்னக் குழந்தையா?

டாக்டரம்மா எவ்வளவு தெளிவாகச் சொன்னார். சமதரையில் ஓட்டலாம், மேடு என்றால் மோட்டார் வைத்த சைக்கிள் மட்டும்தான், மீறினால் நான் பொறுப்பில்லை என்று. எங்கள் நிட்ஸா ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? ஆற்றங்கரையை விட்டால் வாசல் கதவைத் திறந்ததுமே மேடு.

"செத்துத் தொலையணும்னு இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"செத்தா சைக்கிள்ல சாவேன். நாற்காலியில உக்காந்து சாவ மாட்டேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். கீழே விழுந்து கிடக்கிறார் என்று போன் வந்தால் எடுக்கப்போவது யார்? நான்தானே. கையிலிருந்த துணியை அவர் மேலேயே வீசினேன். சாயங்காலம் அடுப்பு பற்ற வைக்கவில்லை, வேண்டுமானால் அவரே சமைத்துக்கொள்ளட்டும். பயமாக இருக்கிறது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வருகிறது, என்ன செய்ய.

செப்டம்பர் 11, திங்கள்

மருந்துக் கடைச் சுவரில் ஒரு விளம்பரம். பேட்டரி சைக்கிளில் திராட்சைத் தோட்டச் சுற்றுலா. சுலபமான பாதை, எல்லா வயதினருக்கும் ஏற்றது, கூடவே வழிகாட்டி, நடுவில் ஒயின். இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டு வந்துதான் அவரிடம் சொன்னேன்.

குதித்தார். "வழிகாட்டியா? எனக்கா? எந்தத் திருப்பத்துல எந்த நாய் குரைக்கும்னு எனக்குத் தெரியும். என் ஊரை எனக்கே சுத்திக் காட்டப் போறாங்களா?"

அப்படியானால் நான் தனியாகப் போகிறேன், உங்களுக்கு விருப்பமிருந்தால் திரைக்குப் பின்னால் நின்று பாருங்கள் என்றேன்.

செப்டம்பர் 13, புதன்

ஐயா இறங்கி வந்துவிட்டார். ஆனால் நிபந்தனைகள். நிட்ஸாவில் ஏறக் கூடாது, பக்கத்து ஊர் கனெல்லி போய்த்தான் ஏறணும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. யாராவது கேட்டால் நாங்கள் தலைநகர் ரோமாவிலிருந்து வந்த வெளியூர்க்காரர்கள். ரோமாக்காரர்களாம்! இந்த ஊர்த் திராட்சைக் கொடியே வந்து ரோமாக்காரி என்று சொன்னாலும் நம்பலாம், இவர் சொன்னால் நம்ப முடியாது. சரி என்றேன். வந்தால் போதும்.

செப்டம்பர் 16, சனி

எழுதித் தீர்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

டென்மார்க்கிலிருந்து ஒரு தம்பதி, மிலானோவிலிருந்து அக்கா தங்கை இருவர், அப்புறம் ரோமாவிலிருந்து நாங்கள். வழிகாட்டி நொயேமி, கடலோர ஜெனோவாப் பெண். இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கணும் என்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறந்ததிலிருந்து சைக்கிளிலேயே குடியிருந்த மனுஷனுக்கு. கழுத்து சிவந்துபோயிற்று. ரோமாப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசி "நன்றி மகளே" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிள் தொட்டதில்லை. முதல் மேட்டில் பொத்தானை அழுத்தினேன், பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளுவது மாதிரி வண்டி ஏறியது. மேலே போனதும் நாலு பக்கமும் கொடி வரிசைகள். அறுவடை நேரம், பிழிந்த திராட்சை வாசம் காற்றெல்லாம். டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனவன் எனக்குக் கையசைத்தான். சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. இதையா இந்த மனுஷன் முப்பத்தைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் தனியாக அனுபவித்தார்? வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா? "ரொம்பக் கஷ்டம்" என்று அல்லவா சொல்வார்! நானும் பாவம் பார்த்துக் காலைப் பிடித்துவிட்டேனே.

இரண்டாவது மேடு செங்குத்து. எல்லோரும் நோகாமல் ஏறுகிறார்கள், இவர் மட்டும் முன்னால், முதுகு இடமும் வலமும் ஆடுகிறது. சந்தேகம் வந்தது. மோட்டார் உதவியை உச்சத்துக்கு ஏற்றிப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரை இருட்டு. மோட்டாரை அணைத்துவிட்டார்! இரும்புக் கட்டில் கனம் கனக்கும் வண்டியை வெறும் காலால் மிதிக்கிறார். உதடு வெளுத்துவிட்டது.

"மோட்டாரப் போடு" என்றேன். நீங்க, வாங்க எல்லாம் அங்கேயே கீழே விழுந்துவிட்டது.

"சும்மா இரு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீ விழுந்தா தூக்கப்போறது அவங்கதான்."

போட்டார். நொயேமி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். மிலானோ சகோதரிகள் கொடிகளைப் புகைப்படம் எடுப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வண்டியையும் பள்ளத்தில் தள்ளியிருப்பேன்.

அப்புறம் ஒயின் வீடு. சொந்தக்காரி மிரெல்லா, பார்பெரா என்ற சிவப்பு ஒயின் ஊற்றினாள், பச்சைச் சாந்து தடவிய நெத்திலியும் ரொட்டியும் வைத்தாள். இவர் வாயைத் திறக்காமல் நல்ல ரோமாக்காரராகத் தின்றார். நொயேமி டென்மார்க்காரர்களுக்கு விளக்கினாள்: இது இந்தப் பக்கத்துப் பச்சைச் சாந்து, பார்ஸ்லியும் பேசில் இலையும் போட்டு அரைப்பது.

இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேசிலா?"

எழுந்தே நின்றுவிட்டார். ரோமாப் பேச்சு போன இடம் தெரியவில்லை, சுத்தமான நிட்ஸாப் பேச்சு. பார்ஸ்லி, பூண்டு, வினிகரில் ஊறிய ரொட்டி, முட்டை மஞ்சள் கரு, அவ்வளவுதான். பேசில் வேணும்னா உங்க ஊர்க் கடலோரத்துல போய்ப் போட்டுக்கோ, எங்க நெத்திலி மேல போடாதே. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டென்மார்க்காரர் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

வாசலில் நின்ற மிரெல்லா இவரை உற்றுப் பார்த்தாள். "நீங்க நிட்ஸா கிளப் எவாசியோ தானே? வால்டெர் என்கிட்டதான் ஒயின் வாங்குவான். உங்களுக்கு இடுப்பு வலின்னு சொன்னானே?" சொல்லிக்கொண்டே சுவரோரம் நின்ற பேட்டரி சைக்கிள்களைப் பார்த்தாள்.

மானத்துக்காக நாலு மாதம் வாயைக் கட்டிய மனுஷனால் பேசில் இலைக்காக நாலு நிமிஷம் கட்ட முடியவில்லை. இவரை என்ன சொல்லித் திட்டுவது?

வீட்டுக்குப் போவோம் என்றார். நீ போ, நான் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டேன். இரண்டு திருப்பம் தாண்டியதும் பின்னால் வண்டிச் சத்தம். மோட்டார் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பின்னால் வந்தது இன்றைக்குத்தான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ரொட்டிக் கடையில் வால்டெர். நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தான். "ஒர்னெல்லா, இடுப்பு வலின்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பின்னாலிருந்து தள்ளிவிட்டிருப்போமே. டென்மார்க்காரங்களோட போய் மோட்டார்ல ஏறணுமா?" கடையே சிரித்தது. கையிலிருந்த நீள ரொட்டியால் அவன் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். நெஞ்சு என்று சொல்லவும் கூடாது, ரொட்டிக் காசை வீசிவிட்டு வெளியே வந்தேன். அவர் பொய் சொல்வாராம், நான் அதற்குக் காவல் இருக்க வேண்டுமாம்.

வீட்டில் வந்து சொன்னேன். இனிமேல் கிளப் ஆட்கள் கூடும் சதுக்கத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டாராம்.

செப்டம்பர் 21, வியாழன்

பந்தய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கத்தினார். கத்தட்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

நொயேமிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு ஒரு குழு போகிறது, வருகிறீர்களா என்றாள். போனேன். இவரைக் கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்து ஊர் மொம்பருட்ஸோ வரை போனோம். வழியில் ஒரு டிராக்டர் கவிழ்ந்து பெட்டி பெட்டியாகத் திராட்சை ரோட்டில் கொட்டிக் கிடந்தது. எல்லோரும் இறங்கி அள்ளிக் கொடுத்தோம். ரொம்ப நேரமாகிவிட்டது. போன் பையிலேயே கிடந்தது. வண்டியை இன்னும் சில நாள் வாடகைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று நொயேமியிடம் சொல்லி வீட்டுக்கே ஓட்டி வந்தேன்.

திரும்பி வந்தால் தெருமுனையில் நிற்கிறார். செருப்புக்கூட ஒழுங்காக மாட்டவில்லை.

"எங்க போன? ஒரு போன் பண்ண மாட்டியா? ரோடு நெடுக டிராக்டர். நான் என்னன்னு நினைக்கிறது?"

எனக்கு வந்ததே கோபம். இந்தத் தெருமுனையில் நான் எத்தனை ஞாயிறு நின்றிருப்பேன் தெரியுமா என்று கேட்டேன். மழையில், பனியில், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம். மே மாதத்துக்குப் பிறகு நீ திருட்டுத்தனமாக மேடு ஏறின நாளெல்லாம், எதுவும் தெரியாமல் சந்தையில் நின்றிருக்கிறேன். நீ அரை நாள் நின்றுவிட்டு என்னைக் கேள்வி கேட்கிறாய்.

தெருவில் வைத்துத்தான் சொன்னேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. திறந்திருக்கட்டும். அவர் என் வண்டியை வாங்கி உருட்டிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 27, புதன்

நொயேமியிடம் தமக்கும் ஒரு பேட்டரி சைக்கிள் கேட்டு வைக்கச் சொன்னார். பச்சைச் சாந்து அரைத்து ஒரு டப்பாவில் அவளுக்குக் கொடுத்தனுப்பினார். நேரில் போய் மன்னிப்புக் கேட்க வாய் வராது. என்னிடம் இன்னும் கேட்கவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

கிளப் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்தச் சட்டையோடு பேட்டரி வண்டியில் சதுக்கத்துக்குப் போக வேண்டாம், பின் தெரு வழியாகப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். கேட்கவில்லை.

காபிக் கடை வாசலில் அத்தனை பேரும் இருந்தார்கள். வால்டெர் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "என்ன எவாசியோ, சார்ஜ் போட்டாச்சா?" என்றான். இன்னொருவன் ஒயர் எங்கே என்று குனிந்து தேடினான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நல்லா நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"இடுப்பு இல்ல, நெஞ்சு" என்றார். "மே மாசம் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சாங்க. மோட்டார் இல்லாம மேடு ஏறினா செத்துருவேன். செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல."

யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருவன் காலிக் கோப்பையை வாயில் வைத்துக் குடித்தான். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்லவா இத்தனை மாதம் என் உயிரை வாங்கினார்? கண்ணைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் திட்டினேன்.

ஒவ்வொருவராக இவர் தோளைத் தட்டிவிட்டு மேட்டுப் பாதைக்குக் கிளம்பினார்கள். இவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கடைக்குள் போனார். வால்டெர் மட்டும் போகவில்லை. டயரை அமுக்கிப் பார்க்கிறான், மறுபடி அமுக்குகிறான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"எந்த டாக்டர்?"

"ஏன்?"

"மேடு ஏறும்போது இடது கை மரத்துப்போகுது. ஈஸ்டர்லேருந்து. கொஞ்ச நேரம் நின்னா சரியாயிரும்."

"வீட்ல தெரியுமா?"

தலையை ஆட்டினான். தெரியாதாம்.

அடப்பாவி என்றேன். இவ்வளவு நாளும் ஊரைச் சிரிக்க வைத்தவன். ரொட்டிக் கடையில் அவனுக்குக் கொடுக்க வைத்திருந்த வார்த்தையெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கிவிட்டேன். உன் பெண்டாட்டிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் வீட்டு எண்ணை நான்தான் அழுத்தினேன். மணி அடிக்கும்போது போனை அவன் கையில் வைத்தேன்.

எவாசியோ தண்ணீரோடு வெளியே வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பாட்டிலைத் திறந்து முதலில் வால்டெரிடம் நீட்டினார்.

இன்றைக்கு மூன்று பேருமே மேடு ஏறவில்லை.