கூட்டினாலும் பெருக்கினாலும்

2 மார்ச் 1953, திங்கள்

கணக்கு டீச்சர் கல்யாணமாகிப் பினாங்கு போய்விட்டார். நான்கு பெண்களுக்குத் திரிகோணமிதி நடத்த ஆள் இல்லை. “நான் பார்க்கிறேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் பட்டம் வாங்கியது சரித்திரத்தில்! தலைமையாசிரியை நிபந்தனை போட்டார்: இரண்டு வாரத்தில் ஆண்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் காளிதாஸ் வந்து சோதிப்பார். தேறாவிட்டால் பெண்கள் கேம்பிரிட்ஜ் தேர்வில் உயர்கணிதத்தை விட்டுத் தையல் எடுக்க வேண்டும்.

தையல் டீச்சர் சுலைஹாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். “எங்கிட்ட அனுப்பிடுங்க லா டீச்சர். பட்டனாவது தைக்கக் கத்துக்குவாங்க.”

3 மார்ச்

சைனைத் தலைகீழாக்கினால் கொசீகண்ட். கொசைனைத் தலைகீழாக்கினால் சீகண்ட். பெயர் வைத்தவரை யாரும் கேள்வி கேட்கவில்லையா?

6 மார்ச்

சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடினால் ஒன்று. ஒன்றைத் தலைகீழாக்கினாலும் ஒன்றுதான். ஆகவே கொசீகண்ட் வர்க்கமும் சீகண்ட் வர்க்கமும் கூடினால் ஒன்று! பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து நாற்பத்தைந்து டிகிரி போட்டுப் பார்த்தேன். இரண்டும் இரண்டும் — நாலு. ஐயோ, பலகையில வேற எழுதிட்டேனே! ஊரில் யாரையும் நம்பாதவள், என்னை மட்டும் ஏன் அப்படி நம்பினேன்?

9 மார்ச்

“தப்பு, அடிச்சிடுங்க” என்றேன். நோட்டில் அளவுகோல் வைத்து நேராக அடித்தார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள் ஜெயமணி மட்டும் கை தூக்கினாள். “டீச்சர், ரெண்டையும் ரெண்டையும் பெருக்கினாலும் நாலுதானே?”

தற்செயல் என்றேன். முப்பது போட்டோம், கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரே விடை. அறுபதும் அப்படியே. எனக்கு எரிச்சல். இவ்வளவு ஒழுங்காக நடப்பது எதையும் நான் நம்புவதில்லை.

10 மார்ச்

நிரூபணம் வரவில்லை. சோறு குழைந்துவிட்டது.

11 மார்ச்

வந்துவிட்டது! எல்லாவற்றையும் சைன், கொசைனாக மாற்றிப் பொதுப் பகுதி எடுத்தால், தொகுதியில் அந்த ‘ஒன்று’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான்கே வரி.

16 மார்ச்

காளிதாஸ் வந்தார். காலில் பளபளக்கும் சப்பாத்து. பலகையைப் பார்த்தார். “என்னா டீச்சர், கூட்டுனாலும் பெருக்குனாலும் ஒண்ணா? மீன் பசார் கணக்கா?”

ஜெயமணி மூன்று கோணங்களைச் சொன்னாள்.

“மூணுக்குச் சரின்னா எல்லாத்துக்கும் சரியா?”

அவள் எழுந்துபோய் நான்கு வரியையும் எழுதினாள். மனுஷன் விடுவாரா? சாக்பீஸை வாங்கிக்கொண்டார். “சரி, சைபர் டிகிரியில?”

அதை நான் நடத்தவே இல்லை. ஜெயமணி அவர் பக்கம் திரும்பினாள்.

“அங்க சைன் சைபர், அதனால கொசீகண்டே இல்ல சார். எங்க எஸ்டேட்டு கேட்டுல, காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி கடத்துறோமான்னு பாத்துட்டுத்தான் வெளிய விடுவாங்க. சோதனை போட ஆள் குறையக் குறைய நாங்க நிக்கிற நேரம் கூடும். ஆளே வரலன்னா கேட்டே திறக்காது. அன்னிக்கு எவ்வளவு நேரத்துல வெளிய வந்தீங்கன்னு கேட்டா என்னா சொல்றது?”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். காளிதாஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். “இத யாரு சொல்லிக் குடுத்தா?”

நான் ஜெயமணியையே கைகாட்டினேன்.

20 மார்ச்

உயர்கணிதத்துக்கு நான்கு பெயர்களும் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டன. ஜெயமணி அதற்குள் அடுத்த அதிகாரத்தை விரித்துக்கொண்டு, “இது என்னா டீச்சர்?” என்றாள்.

தெரியாது என்றேன். கூச்சமே வரவில்லை. நாற்காலியை அவர்கள் பெஞ்சுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.