நேசன் அண்ணையைச் சுட இரண்டு ரிவோல்வர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காயப்போட்ட உடுப்பெல்லாம் திரும்ப உள்ளே. நான் வேலை செய்யும் பார்மசியில் இருமல் மருந்துக்கு வரிசை. பின்னேரம் ஹரோவில் பள்ளி மண்டபத்தில் ஒத்திகை.

பழைய மாணவர் சங்க நாடகம் 14ஆம் திகதி. கடைசிக் காட்சியில் கொடுமைக்கார முதலாளியை நான் சுட வேண்டும். முதலாளியாக நேசன் அண்ணை. கணக்காளர், பரம சாது. இதுவரை வாழைப்பழத்தால்தான் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் பொறுமையாகச் செத்துக்கொண்டிருக்கிறார். இன்று பழம் நடுவில் முறிந்துவிட்டது. எல்லோரும் சிரித்து, ஒத்திகை அத்தோடு சரி.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் மேடை. கேலிக்கூத்தாகிவிடக் கூடாது. நான் துவக்கை நீட்டும்போது சபை ஒரு நொடியாவது மூச்சுப் பிடிக்க வேண்டும். அது போதும் எனக்கு.

மார்ச் 5, வியாழன்

வெயில்! (லண்டன் வெயில்.) இவர் வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. "உம்மட கையைத் தாரும்." கிச்சன் அலுமாரிகள் பொருத்தப் போகிற வீடுகளில் அளக்கிற நாடாவால் என் உள்ளங்கையை அளந்தார். நீளம், அகலம், பிறகு சுட்டுவிரல். எதற்கு என்று கேட்டேன். "ஒண்டுமில்லை." கலியாண நாளிலிருந்து இவர் பேச்சு இவ்வளவுதான்.

ஆனால் கையை உடனே விடவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதில்!

மார்ச் 7, சனி

காலை முழுக்க ஷெட்டில் அராவுகிற சத்தம். மத்தியானம் சாப்பாட்டு மேசையில், பழந்துணியில் சுற்றி, ஒரு ரிவோல்வர். தண்ணீர்க் குழாய்த் துண்டில் குழல். யாரோ வீட்டுக் கிச்சனில் மிஞ்சிய ஓக் மரத்தில் பிடி. குண்டு போடுகிற உருளை உண்மையாகவே சுற்றுகிறது. என் கைக்கென்றே செய்தது, அப்படியே பொருந்துகிறது. வெடிக்காது. சத்தத்தை மகள் அபி ஒலிபெருக்கியில் போட வேண்டும்.

அபி: "அப்பா, திஸ் இஸ் சோ கூல்." இவர் காது சிவந்துவிட்டது.

பின்னேரம் ஒத்திகைக்குப் போனால், சங்கத் தலைவர் டொக்டர் முரளி அண்ணை ஒரு பெட்டியோடு நிற்கிறார். உள்ளே வெல்வெட். அதற்குள் இத்தாலியிலிருந்து வரவழைத்த இன்னொரு ரிவோல்வர்! இதுவும் போலிதான், ஆனால் ராசா வீட்டுப் போலி. வெள்ளி மினுக்கம், முத்துச்சிப்பிப் பிடி, குழலெல்லாம் பூ வேலைப்பாடு. கேப் வெடி போட்டால் தானே வெடிக்கும்.

"தங்கச்சி, இது நாடகத்துக்கெண்டே செய்யிற சாமான். பொலிசுக்கும் மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. பூட்டின பெட்டியிலை, காரிலைதான் கொண்டு திரியவேணும். பையுக்குள்ளை போட்டுக்கொண்டு ட்ரெயின்ல ஏறிப்போடாதை."

ஒருமுறை வெடித்துக் காட்டினார். மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேசன் அண்ணை, யாரும் சுடாமலே கதிரையில் விழுந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

எது? குழம்பிப்போனேன்.

இவருடையது: கைக்கு இதம். பாரமில்லை. இவர் செய்தது.

இத்தாலி: பின்வரிசைக்கும் மின்னும். தானே வெடிக்கும். முரளி அண்ணை மனம் நோகாது. பாரம், கை நடுங்கும். (நடுங்கட்டும், நடிப்பு என்று நினைப்பார்கள்.)

யோசித்ததில் கறி அடிப்பிடித்தது.

சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, எதைக் கொண்டு போக?"

இத்தாலிப் பெட்டியைக் காட்டினார். "உதுதான் வடிவு. உதையே கொண்டு போம்."

கொஞ்சம் கோபமாவது பட்டிருக்கலாம். "நாடகம் பாக்க வருவியளோ?" என்றேன். "பாப்பம்." சங்க விழாப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதர். வர மாட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

இத்தாலிதான். முடிவு. ஒலிபெருக்கிச் சத்தம் தேவையில்லை என்று அபிக்குச் சொல்லியாயிற்று. இவருடையதைத் துணியில் சுற்றிச் சேலை அலுமாரியில் வைத்தேன். வைக்கும்போது அழுகை வந்தது.

வாங்க: பால், கறிவேப்பிலை, கொண்டை ஊசி.

மார்ச் 14, சனி, காலை

பேய்க்காற்று. புதுக் கார் வாங்கினால் செய்வதை ரிவோல்வருக்கும் செய்தால் என்ன? சாமித்தட்டில் வைத்து விளக்கேற்றினேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். முகமில்லாத சாமானுக்குப் பொட்டை எங்கே வைப்பது? உருளையைச் சுற்றி இடுக்குக்கு ஒன்றாக வைத்தேன். மேலே குங்குமம். பார்க்க லட்சுமிகரமாக இருந்தது.

அபி: "அம்மா, சீரியஸ்லி?"

மேடை வெளிச்சத்தில் யாருக்குத் தெரியப்போகிறது.

மார்ச் 15, ஞாயிறு

வயிறு இன்னும் நோகிறது, சிரித்துச் சிரித்து.

மண்டபம் நிறைந்த கூட்டம். இவர் வந்திருந்தார்! முன்வரிசை ஓரத்தில், கலியாண வீடுகளுக்குப் போடுகிற கோட்டோடு.

கடைசிக் காட்சி. ரிவோல்வரை நீட்டினேன். சபை கப்சிப். விசையை இழுத்தேன். அசையவில்லை. சந்தனம் காய்ந்து உருளை இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். ஊஹூம். நேசன் அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சாகக் காத்திருக்கிறார். உதடு அசையாமல், "கெதியாச் சுடு பிள்ளை" என்கிறார். முன்வரிசையில் ஒரு பெண், "ஐயோ, துவக்குக்குப் பொட்டு வைச்சிருக்கு!" சிரிப்பு தொடங்கிவிட்டது. என் கண்ணில் தண்ணீர். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"டுமீல்!"

மண்டபமே அதிர்ந்தது. இவர்! எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு. இப்படி ஒரு குரல் இவரிடம் இருப்பது எனக்கே தெரியாது. நேசன் அண்ணை பயத்தில் உண்மையாகவே துள்ளி விழுந்தார். ஒரு நொடி ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு கைதட்டலும் விசிலும். இவர் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். திரையை மூடவே மறந்துவிட்டார்கள்.

முரளி அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தாலிக்காரன் சந்தனத்தை யோசிக்கேல்லை, தங்கச்சி."

மார்ச் 17, செவ்வாய்

மழை. லூயிஷாம் பக்கத்துத் தமிழர் சங்கத்திலிருந்து போன். அங்கேயும் நாடகம் போட வேண்டுமாம். "அந்தச் சத்தம் போட்ட அண்ணையும் வருவாரோ?"

இவரிடம் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "இந்த முறை நீங்கள் செய்த துவக்குத்தான்" என்றேன்.

"எதையெண்டாலும் கொண்டு போம். வெடிக்க நான் வாறன்."