பின் பிரேக்கும் ஒரு முழக் கட்டுக்கம்பியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று உறுதியாக எழுத வேண்டுமானால் இன்னும் அரை மணி நேரம் பொறுத்துத் தொடங்கியிருக்க வேண்டும், ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இப்போது காலை ஒன்பது இருபது. உன் தங்கை நம் பழைய பிக்கப்பில் அறுபது சிமெண்ட் கல்லை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறாள், பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறார். கீழே முச்சந்தியில் நின்று, இரும்புக்கடைக்குப் பின்னால் கல்லை இறக்கிவிட்டு, ஒன்பதே முக்காலுக்குத் திரும்ப வேண்டும். புது பிரேக் போட்டு முழுப் பாரத்தோடு சரிவில் இறங்குவது இதுதான் முதல் தடவை, பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. காலி வண்டியில் சோதனைக்குப் போனபோது என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால்விரிப்பைக் கிழித்துவிட்டேனாம். “ரெண்டு பேர் பிரேக் போட்டா எது பிடிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும், நீங்க வீட்ல இருங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் அந்த வண்டியில் ஏற ஸ்டூல் வேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறியபின் அதைத் தூக்கி உள்ளே கொடுக்கக் கீழே ஒரு ஆள் வேண்டும், இறங்கும் இடத்தில் அதை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேண்டும். வெள்ளம் வந்தால் உதவும் என்று சொல்லித்தான் நீ வண்டியை ஆறு அங்குலம் உயர்த்தினாய். நாம் இருப்பது மேட்டில், இங்கே வெள்ளம் வந்தால் ஊரில் மற்ற எல்லாரும் போன பிறகுதான் வரும். என் கண்ணாடியின் இடது கால் மறுபடி கழன்றது, கட்டுக்கம்பியால் முறுக்கி, கன்னத்தில் குத்தாதபடி முனையை உள்பக்கமாக மடித்துவிட்டேன். கேட் தாழ்ப்பாள், கல் வார்க்கும் களத்துக் குழாய், நாற்காலிக் கால் எல்லாம் இப்படித்தான் நிற்கின்றன, இந்த வீட்டில் கம்பி கட்டாமல் நிற்பவள் அவள் ஒருத்திதானாம், உன் அம்மா சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இரும்புக்கடைக்காரர் மேலே ஏறி வந்தார். அவர் எதையாவது கேட்க வந்தால்தான் உட்காருவார், அன்று நின்றுகொண்டே, “அண்ணே, உங்க பொண்ணு நேத்து என் கடைக்கு வந்துட்டுப் போச்சு, வண்டியோட” என்றார். நாற்பது கல்லோடு இறங்கியவள் முச்சந்திக்கு நாற்பதடி முன்னாலேயே பிரேக்கை மிதித்திருக்கிறாள். வண்டி வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை, முச்சந்தியைத் தாண்டி, அவர் கடை வாசலில் விற்பனைக்குக் குவித்திருந்த மணலில் மூக்கைச் செருகி நின்றிருக்கிறது. மணலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் நாற்காலி. முச்சந்திப் பள்ளிக்கூடம் விட இன்னும் பத்து நிமிடம் இருந்ததாம். இவள் வீட்டில் மூச்சு விடவில்லை. அங்கேயே கூப்பிட்டுக் கேட்டதற்கு, “நின்னுச்சுல்லப்பா” என்றாள். “மணல் நிறுத்துச்சும்மா” என்றார் அவர்.

அன்றே மெக்கானிக்கை வரவழைத்தேன். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், அளவுகோல் என்று கூப்பிடுகிறார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும், தேநீர் கொடுத்தால்கூடக் குனிந்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டு, “வண்டிய ஒசத்தியிருக்காங்க, சக்கரத்தப் பெருசாக்கியிருக்காங்க, பிரேக்க மட்டும் பொறந்தப்ப இருந்த மாதிரியே விட்டிருக்காங்க, பத்து வயசுல தெச்ச சட்டைய முப்பது வயசுல போட்ட மாதிரி இருக்கு” என்றார். சக்கரம் கனத்தால் அதைப் பிடித்து நிறுத்துவதும் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததை எல்லாம் செய்துவிடுகிற குடும்பமா நம்முடையது. முன்பக்கத்துக்குப் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நான்கு பிஸ்டன் கேலிபர், உயரத்துக்கு ஏற்ற நீளமான பிரேக் ஆயில் ஹோஸ், புது மாஸ்டர் சிலிண்டர், பின் டிரம்முக்குப் புது லைனிங் என்று எல்லாம் மாற்றி, பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றையும் வெளியேற்றிக் கொடுத்தார். காலி வண்டியில் மிதித்தால் பல் கிட்டுகிற மாதிரி நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்குக் கூடுதல் சந்தோஷம், காரணம் பின்னால் சொல்கிறேன்.

பிறகு முப்பது கல் ஏற்றி, களத்துக்குப் பின்னால் உள்ள சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி மூக்கைத் தரையில் இடிக்கிற மாதிரி குனிந்தது, முன் டிஸ்கில் கருகல் வாசனை, பின் டிரம்மைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. “நிக்குதுப்பா, ஆனா யோசிச்சுட்டு நிக்குது” என்றாள். அளவுகோல் வண்டிக்கு அடியில் போய் இருபது நிமிடம் படுத்திருந்தார். பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலுக்கு மேலே ஒரு வால்வு, அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு தண்டு, உனக்கு நினைவிருக்கும். பாரம் ஏற ஏற வண்டி தாழும், தண்டு நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். அந்தத் தண்டு ஆக்சிலில் இல்லை. வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டப்பட்டு மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை கல் ஏற்றினாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு நம்பிக்கொண்டிருந்தது, பின் பிரேக் மரியாதைக்குத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டிருந்தது. அளவுகோல் கம்பியை வெட்டி உன் தங்கை கையில் கொடுத்தார், “யாருங்க இப்படிப் பண்ணது” என்றார். “பெரியவன் வேலையாத்தான் இருக்கும்” என்றாள் உன் அம்மா. கதவு வழியாகத் தெரிந்த உன் புகைப்படத்தை எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். உன் தங்கை ஃபோனில் உன்னைத் திட்டினால் கொஞ்சம் வாங்கிக்கொள், மறுத்துப் பேசாதே. நீ நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறாய், அங்கே வந்து சேர்வதற்குள் திட்டு ஆறிவிடும். நான் இங்கே மூன்று வேளையும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன்.

மணி பத்து ஆகப் போகிறது. இன்னும் வரவில்லை. ஓட்டும்போது ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம், அவள் அணைத்திருக்கிறாள், பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பது இப்படிப்பட்ட நாளில்தான். அளவுகோலுக்கு அடித்தேன், அவருடைய ஃபோன் இந்த மேஜையிலேயே ஸ்கேலுக்குப் பக்கத்தில் கிடந்து அடிக்கிறது. அந்த மனிதர் ஸ்கேல் இல்லாமல் போயிருக்கிறார் என்பது எனக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை. உன் அம்மா சமையலறையில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறாள். நான் கேட் வரை போய்ப் பார்த்தேன், சரிவின் முதல் வளைவு வரைக்கும்தான் தெரிகிறது, அதில் ஒரு நாய் படுத்திருக்கிறது, அது எழுந்திருக்கவில்லை, அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று தெரியவில்லை.

பத்து பத்து. மேலே உன்னிடம் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த வரிகளைக் கோடு போட்டு அடிக்கவில்லை, படிப்பவன் படிக்கட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், அந்தப் பழமொழியை ஒரு அப்பா தன் கையாலேயே செய்து பார்க்கக் கூடாது. நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். வண்டியை உயர்த்திய அன்று அடியிலிருந்து நீ, “அப்பா, இந்தத் தண்டு எட்டலை, ஒரு பிராக்கெட் வேணும், அடுத்த வாரம் வாங்கி மாட்டிடலாம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். தொங்கி ஆடிக்கொண்டிருக்கிறதே என்று கட்டியவன் நான். அடுத்த வாரம் உனக்கு விசா வந்தது. நீ புறப்படும் அவசரத்தில் மறந்தாய். நானும் மறந்தேன் என்று எழுதலாம், ஆனால் மறக்கவில்லை. வண்டி ஓடியது, நின்றது, ஆகவே சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். காலி வண்டி நன்றாக நின்றபோது எனக்கு வந்த கூடுதல் சந்தோஷம் அதுதான், இனி யாரும் அடியில் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்கிற சந்தோஷம். இப்போது அவள் அந்தச் சரிவில் இருக்கிறாள். தண்டுக்கு ஒழுங்கான பிராக்கெட் போட்டாயிற்று, அளவு பார்த்தாயிற்று, நானே இரண்டு முறை அடியில் படுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. எல்லாம் சரி என்று நான் இதற்கு முன்பும் நினைத்தவன் என்பதுதான் இப்போது தொல்லையாக இருக்கிறது.

பத்து நாற்பது. வந்துவிட்டார்கள். நாய் எழுந்தது, பிறகுதான் எனக்குச் சத்தம் கேட்டது. தாமதத்துக்குக் காரணம் இரும்புக்கடைக்காரர். முதல் முறை முச்சந்திக்கு இருபதடி முன்னாலேயே வண்டி அசையாமல் நின்றதாம், அவர் நம்பவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் சாலையில் ஒரு கோடு போட்டு, “இங்க நிறுத்திக் காட்டும்மா, அப்பதான் நான் நாற்காலிய முன்னால போடுவேன்” என்று சொல்லி, பாரத்தோடு மறுபடி பாதிச் சரிவு வரை ஏற வைத்து மூன்று முறை இறக்கியிருக்கிறார். மூன்று முறையும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது என்று அளவுகோல் சொன்னார், ஸ்கேல் இல்லாததால் எத்தனை அங்குலம் என்று சொல்ல முடியாமல் வருத்தப்பட்டார். பின் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது. அவ்வளவு சூட்டில் கையை எடுக்காமல் வைத்திருந்ததை உன் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே வந்ததும் அவளிடம், அந்தக் கம்பி விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் சட்டைப்பையிலிருந்து வெட்டிய கம்பியை எடுத்து, மேஜையில் நான் கழற்றி வைத்திருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். “அன்னைக்கே தெரியும்ப்பா, முனைய உள்பக்கம் மடிச்சிருக்கு, அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அதே கேள்வியை என்னிடம் திருப்பியிருப்பாள்.

அங்கே ஒரு பழைய பிக்கப் வாங்கியிருப்பதாகவும், கொஞ்சம் உயர்த்தப் போவதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உயர்த்து, வேண்டாம் என்றால் கேட்கிறவனா நீ. ஆனால் பின் ஆக்சிலுக்கு மேலே முதலில் பார், எது எட்டவில்லையோ அதை எட்ட வைத்துவிட்டுத் தெருவில் இறக்கு. சனிக்கிழமை ஃபோன் செய்யும்போது முதலில் தங்கையிடம் பேசு, உன்மேல் இருந்த பழி நீங்கிவிட்டது, பொறுமை இல்லாதவன் என்கிற பெயர் மட்டும் நிற்கிறது, அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எந்தச் சரிவில் இறங்கினாலும் நீ நினைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம்.

கம்பியை அவிழ்த்து ஒழுங்கான திருகு போடக் கண்ணாடியைக் கடையில் கொடுத்துவிட்டதால் கடைசி நாலு வரி கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
கம்பி கட்டிய அப்பா