சுத்தமாகச் செய்பவள்

மல்லேஸ்வரம்
12.3.1998

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

ஞாயிறன்று கூடத்தில் இருந்தவர்கள்: நம் வித்யா, அவளுடைய ப்ராஜெக்ட் குழுவில் உள்ள வெங்கி, சௌம்யா, ஹரிஷ், பிறகு நான். "நாலு பேர் பேருல போற ரிப்போர்ட்டை இவ ஒருத்தியா எழுதணும்?" என்று கேட்டேன்.

"அவதான் ஆன்ட்டி நீட்டா பண்ணுவா. நாங்க போண்டாவை கவனிச்சுக்கறோம்!" என்று வெங்கி சிரித்தான்.

அவர்கள் போனதும் வித்யாவைக் கடிந்தேன். "வாயைத் திறந்து சொல்லக்கூடாதாடி?"

"சித்தி ரெண்டு பேரும் உன்னை இப்படித்தானேம்மா புகழ்ந்துட்டு டிவி முன்னாடி உக்காந்துக்கறா? நீ சொன்னியா?"

தினமும் யார் சமைத்தது என்று குறித்துவைக்கும் என் நோட்டைப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருக்கும் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என் ஓரகத்திகள் இருவரும் சமைத்த நாட்கள் பதினொன்று. ஸ்லோகம் சொல்லும்போதும் மனசு அதிலேயே நிற்கிறது.

சமையலை மூன்று பேரும் முறைபோட்டுச் செய்யலாம் என்று அவர்களிடம் சொல்லட்டுமா? நீங்கள் சரி என்றால்தான் உங்கள் தம்பிகள் ஏற்பார்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மனைவி